மலை ஏறும்போது மட்டும் ஏன் ஆயில் ஒழுகுது? பழைய அம்பாசிடர் என்ஜினோட மூச்சுக் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேசின வரிசையிலேயே இருக்கு. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடுக்கு விதை போட்டது ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட். அவர்கிட்ட அப்பாவோட பெட்ரோல் அம்பாசிடர் இருக்கு. பழைய 1489 சிசி என்ஜின். சென்னையில வாரத்துக்கு ஒரு தடவை கோயில், கடைன்னு ஓட்டிட்டு வந்து நிறுத்தினா தரையில ரெண்டு சொட்டு எண்ணெய்தான் இருக்குமாம். ஆனா போளூர்ல இருந்து ஜவ்வாது மலை மேல ஜமுனாமரத்தூர் வரைக்கும் ஏறினா, என்ஜினோட பின்பக்கம் முழுக்க எண்ணெய். நிறுத்தின இடத்துல உள்ளங்கை அளவுக்குக் கறை.

ஒர்க்‌ஷாப்ல காட்டினதுக்கு, "ரியர் சீல் போச்சு தம்பி, என்ஜினை இறக்கணும்"னு சொல்லியிருக்காங்க. எஸ்டிமேட்டைப் பார்த்துட்டு வீட்டுல, "இவ்வளவு செலவு பண்றதுக்கு காயலான் கடைக்கே குடுத்துடலாம்"னு பேச்சு ஆரம்பிச்சாச்சு. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "ப்ரோ, அதே என்ஜின், அதே சீல். சென்னையில ரெண்டு சொட்டுன்னா மலையில மட்டும் ஏன் இவ்வளவு?"

ரொம்ப நல்ல கேள்வி. நம்ம கோடிங் உலகத்துல, ஒரு பக் எப்போ வருது, எப்போ வரலைங்கிறதைத் தெரிஞ்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சது. இவர் அந்தப் பாதியை ஏற்கெனவே முடிச்சுட்டார்.

ஒரு லீக் நடக்கணும்னா ரெண்டு விஷயம் வேணும். எண்ணெய் வெளிய வர ஒரு வழி. அதை வெளிய தள்ள ஒரு அழுத்தம். நாம எல்லாரும் வழியை அடைக்கிறதைப் பத்தி மட்டுமே பேசறோம்: பேக்கிங் மாத்து, சீல் மாத்து, பேஸ்ட் பூசு. அழுத்தம் எங்க இருந்து வருதுன்னு கேட்கிறது இல்ல. இன்னைக்கு அதைத்தான் கேட்கப் போறோம்.

என்ஜினுக்கு அடியில அழுத்தம் எப்படி வருது?

பிஸ்டனுக்கு மேல பெட்ரோலும் காத்தும் எரியுது. பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங்குகள் அந்த வாயுவை மேலயே தடுத்து வைக்கணும். ஆனா எந்த ரிங்கும் நூறு சதவீதம் தடுக்காது. ரிங்கோட முனைகளுக்கு நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருந்தே ஆகணும். இல்லேன்னா சூட்டுல விரிஞ்சு சிக்கிக்கும். அந்த வழியா கொஞ்சம் வாயு கீழ இறங்கி, கிராங்க் சுத்துற அறைக்குள்ள வருது. இதுக்குப் பேர் ப்ளோ-பை. புது என்ஜின்லயும் இது உண்டு.

எவ்வளவு வரும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1489 சிசி நாலு ஸ்ட்ரோக் என்ஜின், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை அந்த அளவு காத்தை இழுக்குது. நிமிஷத்துக்கு 2000 சுத்து, ஆக்சிலேட்டர் முழுசா திறந்திருக்குன்னு வச்சுக்கங்க. காகிதக் கணக்குல நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1500 லிட்டர். அதுல ஒரு சதவீதம் கீழ இறங்கினாலே 15 லிட்டர். வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன் இருக்கே, அதுல முக்கால் கேன். ஒவ்வொரு நிமிஷமும். நல்ல நிலையில இருக்கிற என்ஜினுக்கே குத்துமதிப்பா இந்த அளவு. ரிங் தேஞ்சு அது நாலஞ்சு மடங்கு ஆச்சுன்னா, நிமிஷத்துக்கு மூணு, நாலு கேன் சூடான புகை அந்த மூடின இரும்புப் பெட்டிக்குள்ள வந்துகிட்டே இருக்கு.

அது வெளிய போயாகணும். நாம வழி விட்டா அந்த வழியில போகும். விடலேன்னா அதுவே வழி தேடிக்கும்: பேக்கிங் ஓரம், டிப் ஸ்டிக் ஓட்டை, கிராங்க் முனை. போற வழியில எண்ணெயையும் கூட்டிட்டுப் போகும். சர்வர்ல கியூ நிரம்பினா பிரஷர் பின்னாடி வந்து வேற எங்கேயோ உடையும் இல்லையா, அதே கதைதான்.

இந்தப் புகையில எரியாத பெட்ரோல் இருக்கு, கரி இருக்கு, தண்ணி ஆவியும் இருக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும். பெரும்பாலானது ஆவியா சைலன்சர் வழியாப் போயிடும். கொஞ்சம் ப்ளோ-பையோட கீழ இறங்கும். என்ஜின் நல்லா சூடாகிற அளவுக்கு ஓட்டினா அது ஆவியாவே வெளிய போயிடும். சிட்டிக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினா உள்ளயே படியும். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா அடியில வெண்ணெய் மாதிரி வெளுப்பா ஒட்டியிருக்கே, அது இதுதான். அந்தக் கசடு மூச்சுக் குழாயையும் அடைக்கும். அதாவது, மலையில வெடிக்கிற பிரச்சனைக்கு சென்னையிலயே அடித்தளம் போட்டாச்சு.

புல்லட்டும் அம்பாசிடரும்

பைக் ஓட்டுறவங்களுக்கு ஒரு ஒப்பீடு. 1955-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச என்ஃபீல்டோட பழைய 350 புல்லட்டை எடுத்துக்கங்க. ஒத்தை பிஸ்டன். அது கீழ வரும்போதெல்லாம் அடியில இருக்கிற காத்தை 346 சிசி அளவுக்கு நெருக்கும். மேல போகும்போது திரும்ப இழுக்கும். அதனால அதுல ஒரு ரப்பர் வாய் வச்சிருப்பாங்க, வாத்து அலகு மாதிரி. காத்தை வெளிய விடும், உள்ள விடாது. அந்த ரப்பர் கெட்டியாகி விறைச்சாலோ கிழிஞ்சாலோ புல்லட் எல்லாப் பக்கமும் எண்ணெய் துப்பும்.

அம்பாசிடர்ல நாலு பிஸ்டன். ரெண்டு கீழ வரும்போது ரெண்டு மேல போகும். அதனால அடியில மொத்த இடம் ஏறத்தாழ மாறாது. இங்க வெளிய போகவேண்டியது ப்ளோ-பை மட்டும்தான். வேலை சுலபம். சுலபமா இருந்ததால, அதுக்குக் குடுத்த ஏற்பாடும் ரொம்ப எளிமையானது.

காத்தை நம்பி வச்ச ஒரு குழாய்

அம்பாசிடரோட பூர்வீகம் இங்கிலாந்தோட மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, மூணாவது சீரிஸ். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கம் உத்தர்பாரால 2014 வரைக்கும் அம்பாசிடரைத் தயாரிச்சாங்க. பல பத்து வருஷங்கள் அதுக்குள்ள இருந்தது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனோட பி-சீரிஸ் என்ஜின். பின்னாடி 1990கள்ல இசுசு என்ஜின் வந்தது. அது வேற டிசைன். டீசல் வண்டியும் வேற கணக்கு. அதுல பெட்ரோல் என்ஜின் மாதிரி மேனிஃபோல்டுல வெற்றிடம் உண்டாகாது. இன்னைக்குப் பேசறது பழைய பெட்ரோல் பி-சீரிஸ் பத்தி மட்டும்.

இந்த என்ஜின்ல மேல ஒரு பெரிய மூடி இருக்கு. ராக்கர் கவர். நம்ம ஊர் மெக்கானிக்குங்க இதைத்தான் டேப்பட் கவர்னு சொல்வாங்க. அது இல்லாம பக்கவாட்டுல, மேனிஃபோல்டுக்கு அடியில, ரெண்டு சின்ன தகடு மூடிகள் இருக்கு. அதுல ஒண்ணுல இருந்து ஒரு குழாய் கீழ் நோக்கி இறங்கி, தரையைப் பார்த்து திறந்திருக்கும். வண்டி ஓடும்போது அடியில காத்து வேகமாப் போகும். குழாயோட வாய்க்குக் குறுக்கே போற அந்தக் காத்து, உள்ள இருக்கிற புகையை உறிஞ்சி எடுக்கும். மேல ராக்கர் கவர் பக்கம் இருந்து சுத்தமான காத்து உள்ள வரும். மேல இருந்து மூச்சு இழுத்து, கீழ விடுது.

நெடுஞ்சாலைல நல்லா வேலை செய்யும். ஆனா இதுல வால்வு கிடையாது, பம்ப் கிடையாது. வண்டியோட வேகம் மட்டும்தான் சக்தி. மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் கீழ வந்தா உறிஞ்சல் ரொம்பவே குறைஞ்சிடும்.

இப்போ மலைக்கு வருவோம்

போளூர் பக்கமா ஏறினாலும் சரி, ஆலங்காயத்துல இருந்து காவலூர் வழியா ஏறினாலும் சரி, மலைப்பாதையில ஒரு பழைய அம்பாசிடர் எப்படிப் போகும்? செகண்ட் கியர். கால் ஆக்சிலேட்டர்ல முழுசா அழுத்தியிருக்கும். வேகம் இருபது, இருபத்தஞ்சு. கொண்டை ஊசி வளைவுல அதைவிடக் கம்மி.

ஆக்சிலேட்டர் முழுசா திறந்திருக்கிறதால சிலிண்டர்ல அழுத்தம் உச்சத்துல இருக்கு. அதனால ப்ளோ-பையும் உச்சம். வேகம் கம்மிங்கிறதால குழாயோட உறிஞ்சல் கிட்டத்தட்ட பூஜ்யம். புகை அதிகமா உண்டாகிற அதே நேரத்துல வெளியேத்துற ஏற்பாடு தூங்குது. அதோட, என்ஜின் சூடாகி எண்ணெய் தண்ணி மாதிரி இளகியிருக்கு. வண்டி மூக்கைத் தூக்கி நிக்கிறதால சம்ப்ல இருக்கிற எண்ணெய் பின்பக்கம் சாயுது. இந்த நாலும் சேர்ந்தா, எந்த இடத்துல எண்ணெய் வரும்? பின்பக்கம்தான்.

சிலர், "மலை மேல காத்தழுத்தம் கம்மி, அதான் ஒழுகுது"ன்னு சொல்வாங்க. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற காவலூரோட உயரம் 725 மீட்டர். கடல் மட்டத்தைவிட அங்க காத்தழுத்தம் எட்டு சதவீதம் போல குறையும். ஆனா கிராங்க் அறை வெளிக்காத்தோட இணைஞ்சுதானே இருக்கு? உள்ள வெளியன்னு ரெண்டு பக்கமும் சேர்ந்தே குறையும். அதனால உயரம் குற்றவாளி இல்ல. ஏற்றமும் வேகமும்தான்.

இறங்கும்போது கதை தலைகீழ். காலை எடுத்துட்டு கியர்லயே இறங்குறோம். இப்போ மேனிஃபோல்டுல பலமான வெற்றிடம். வால்வு தண்டும் கைடும் தேஞ்சிருந்தா, அந்த இடைவெளி வழியா மேல இருக்கிற எண்ணெய் உள்ள இழுக்கப்படும். அடிவாரத்துல திரும்ப ஆக்சிலேட்டரை மிதிச்ச உடனே பின்னாடி ஒரு நீலப் புகை மூட்டம் வரும். ஏறும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தா ரிங் மேல சந்தேகம். இறங்கி முடிச்சு மிதிக்கும்போது ஒரு தடவை மட்டும் வந்தா வால்வு கைடு மேல சந்தேகம். ஸ்கேனர் எதுவும் இல்லாத வண்டிக்கு மலைதான் ஸ்கேனர்.

மாத்தறதுக்கு அங்க சீலே இல்ல

ஒர்க்‌ஷாப் சொன்ன "ரியர் சீல்" விஷயத்துக்கு வருவோம். இன்னைக்கு கார்கள்ல கிராங்க் ஷாஃப்டோட பின் முனையில ஒரு ரப்பர் உதடு ஷாஃப்டைத் தொட்டுக்கிட்டே இருக்கும். இந்த பழைய 1489 சிசி பி-சீரிஸோட ஒரிஜினல் டிசைன்ல அது கிடையாது. அதுக்குப் பதிலா ஷாஃப்ட் மேலயே திருகு மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருப்பாங்க. ஷாஃப்ட் சுத்தும்போது அந்த மரை, வெளிய வரப் பார்க்கிற எண்ணெயை உள்பக்கமாவே திருப்பித் தள்ளும். சுத்தி மெல்லிசா ஒரு இடைவெளி. எதுவும் எதையும் தொடாது.

ஓடும்போது மட்டும்தான் இது வேலை செய்யும். நிறுத்தின பிறகு ரெண்டு சொட்டு வர்றது இந்த டிசைன்ல சகஜம். அதைவிட முக்கியம்: உள்ள அழுத்தம் ஏறினா, அந்த இடைவெளி வழியா வாயு வெளிய வீசும். வீசுற வாயுவுக்கு எதிரா மரை என்ன பண்ண முடியும்? எண்ணெய் அதோடவே வந்துடும். அதனால இந்த என்ஜினுக்கு மூச்சு விடுறதுங்கிறது கூடுதல் வசதி இல்ல. அதுதான் சீலோட ஒரு பாதி.

அங்க தேய்மானமே வராதுன்னு சொல்லலை. மெயின் பேரிங் தேஞ்சா ஷாஃப்ட் ஆடும், இடைவெளி கூடும், அப்போ என்ஜினை இறக்கித்தான் ஆகணும். ஆனா அந்த முடிவை மூச்சை சோதிச்ச பிறகு எடுக்கணும். முன்னாடி எடுத்தா, காசு செலவு பண்ணி என்ஜினைப் பிரிச்சு மாட்டி, அடைச்ச குழாயை அப்படியே விட்டுட்டு, அடுத்த மலைப் பயணத்துல அதே கறையைப் பார்ப்பீங்க.

பத்து நிமிஷ சோதனை

முதல்ல எளிமையானது. என்ஜினை நல்லா சூடாக்கி ஐடில்ல விடுங்க. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து, அந்த வாய் மேல ஒரு மெல்லிசான பாலித்தீன் கவரை வையுங்க. லேசா உள்ள இழுத்தாலோ, கொஞ்சம் துடிச்சுக்கிட்டு சும்மா கிடந்தாலோ சரி. பலூன் மாதிரி ஊதி எழும்பினா, உள்ள அழுத்தம் இருக்கு. சூடான எண்ணெய் தெறிக்கலாம். முகத்தைக் கிட்ட கொண்டு போகாதீங்க. தொங்குற துணி, ஷால் எதுவும் ஃபேன் பக்கம் வேண்டாம்.

இன்னும் துல்லியமா வேணுமா? ரெண்டு மீட்டர் கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் டியூப் வாங்குங்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்க வச்சிருக்கிற அதே டியூப். யு வடிவத்துல ஒரு பலகைல கட்டி பாதி தண்ணி ஊத்துங்க. ஒரு முனையை டிப் ஸ்டிக் ஓட்டைல காத்து போகாம பொருத்துங்க. மத்த மூடி எல்லாம் போட்டே இருக்கட்டும். என்ஜின் ஓடும்போது ரெண்டு பக்கமும் தண்ணி சமமா இருக்கணும், இல்ல என்ஜின் பக்கம் லேசா ஏறணும். வெளிப்பக்கம் தள்ளுதுன்னா, எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம்னு அளந்து எழுதி வையுங்க. பத்து சென்டிமீட்டர் தண்ணின்னா வளிமண்டல அழுத்தத்துல நூத்துல ஒரு பங்குதான். ஆனா கார்க் பேக்கிங்குக்கும் அந்த மரைக்கும் அதுவே அதிகம்.

அப்புறம் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்க. எண்ணெயில நனைஞ்சிருந்தா, கீழ போகவேண்டிய புகை எல்லாம் ராக்கர் கவர் ஹோஸ் வழியா மேல வருதுன்னு அர்த்தம். கீழ்க் குழாய் அடைச்சிருக்க நிறைய வாய்ப்பு.

மூச்சுக் குழாயைச் சுத்தம் பண்றது

செலவுன்னு பார்த்தா ஒரு லிட்டர் மண்ணெண்ணெய், ஒரு கம்பி பிரஷ், ஒரு கார்க் பேக்கிங். குழாய் இருக்கிற சைடு கவரைக் கழட்டி ஊற வையுங்க. சில கவர்ல உள்ள கம்பி வலை இருக்கும். அதுல பல வருஷத்துக் கசடு தார் மாதிரி இறுகியிருக்கும். மறுமுனையில வெளிச்சம் தெரியுற வரைக்கும் சுத்தம் பண்ணுங்க. ஆயில் மூடியில வலை இருந்தா அதையும். ராக்கர் கவர்ல இருந்து ஏர் ஃபில்டருக்குப் போற ஹோஸ் உள்ள பிஞ்சு ஒட்டிக்கிட்டிருந்தா மாத்திடுங்க. வெளிய பார்க்க நல்லா இருந்தாலும் உள்ள மூடியிருக்கும்.

இது பண்ணிட்டு திரும்ப தண்ணி டியூப் வையுங்க. முன்னாடி எழுதின நம்பரோட ஒப்பிடுங்க. பல வண்டிகளுக்கு வேலை இங்கேயே முடிஞ்சிடும்.

இன்னும் அழுத்தம் இருந்தா கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பத்து சதவீதத்துக்குள்ள இருக்கணும். கம்மியா இருக்கிற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு திரும்ப பாருங்க. நம்பர் நல்லா ஏறினா ரிங் தேஞ்சிருக்கு. ஏறலைன்னா வால்வு இல்ல ஹெட் பேக்கிங். இப்போ என்ஜின் இறக்கணுமா வேண்டாமாங்கிறது நம்பரோட பேசற பேச்சு.

பிசிவி வால்வு போடலாமா?

யூடியூப் பார்த்துட்டு நிறைய பேர் கேட்கிறது இது. லாஸ் ஏஞ்சலஸ்ல புகைமூட்டம் பெரிய பிரச்சனையானப்போ, கார்கள்ல இருந்து வர்ற எரியாத ஹைட்ரோகார்பன்ல கணிசமான பங்கு சைலன்சர்ல இருந்து இல்ல, இந்த மூச்சுக் குழாய்ல இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால 1961 மாடல்கள்ல இருந்து கலிஃபோர்னியா கார்கள்ல அந்தப் புகையைத் திரும்ப என்ஜினுக்குள்ளயே இழுத்து எரிக்கிற ஏற்பாடு வந்தது. மேனிஃபோல்டோட வெற்றிடம்தான் உறிஞ்சும். நடுவுல ஸ்பிரிங் வச்ச ஒரு வால்வு அளவைக் கட்டுப்படுத்தும். ஐடில்ல வெற்றிடம் பலமா இருக்கும், வால்வு கொஞ்சமா விடும். ஓட்டும்போது வெற்றிடம் குறையும், வால்வு நிறைய விடும்.

நல்ல யோசனைதான். ஆனா நம்ம மலையை நினைச்சுப் பாருங்க. ஆக்சிலேட்டர் முழுசா திறந்திருக்கும்போது மேனிஃபோல்டுல வெற்றிடமே கிட்டத்தட்ட இல்ல. அதனால பிசிவி மட்டும் போட்டா, சிட்டில என்ஜின் சுத்தமா இருக்கும், மலையில அதே பிரச்சனை கொஞ்சம் தலைகாட்டும். முழு லோடுல புகை ஏர் ஃபில்டர் பக்கம் போக ஒரு அகலமான வழியும் திறந்தே இருக்கணும்.

வால்வே இல்லாம ஒரு ஹோஸை நேரா மேனிஃபோல்டுல சொருகுறது வேண்டவே வேண்டாம். ஐடில் தாறுமாறாகும், கலவை மெலிஞ்சு என்ஜின் சூடாகும், எண்ணெயும் உள்ள போய் எரியும்.

பழைய பி-சீரிஸுக்கு எளிமையான மேம்பாடு: சைடு கவர் குழாயை ஒரு கேட்ச் கேனுக்குக் கொண்டு போங்க. உள்ள தடுப்போ கம்பி நாரோ இருக்கணும், எண்ணெய்த் துளி அதுல மோதி கீழ விழும். அங்க இருந்து ஹோஸ் ஏர் ஃபில்டரோட உள்பக்கத்துக்கு. ஃபில்டருக்கும் கார்பரேட்டருக்கும் நடுவுல எப்பவும் லேசான உறிஞ்சல் இருக்கும். என்ஜின் அதிகக் காத்தை இழுக்க இழுக்க அதுவும் கூடும். அதாவது மலை ஏறும்போது உதவி தானாவே கிடைக்குது. ஹோஸோட உள் அகலம் ஒரிஜினல் குழாயைவிடக் குறையக் கூடாது. தொய்வு இல்லாம மாட்டுங்க; தொய்வுல தண்ணி தேங்கினா திரும்ப அடைப்புதான். கேனை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குத் தள்ளி வையுங்க, அதுல இருக்கிறது எரியக்கூடிய ஆவி.

கேன்ல சேர்ற தண்ணியும் எண்ணெயும் கலந்த கசடைத் திரும்ப என்ஜின்ல ஊத்தாதீங்க. மலையில ஓடைப் பக்கமும் கொட்டாதீங்க. 2016 விதிகள்படி பயன்படுத்தின எண்ணெய் அபாயகரமான கழிவு. பாட்டில்ல எடுத்துட்டு வந்து, ஆயில் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்ல குடுங்க.

அப்புறம்தான் பேக்கிங்

மூச்சு சரியான பிறகும் ஒழுகினா, இப்போ வழியைத் தேடலாம். என்ஜின் வெளிப்பக்கத்தை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வச்சுக் கழுவி, நல்லா காயவிடுங்க. முகத்துக்குப் போடுற பவுடரை லேசா தூவுங்க. கோலமாவு வேண்டாம், அது கல்லுப்பொடி. பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. பவுடர் நனைஞ்ச இடங்கள்ல எது எல்லாத்துக்கும் மேல இருக்கோ அதுதான் ஊற்று. எண்ணெய் கீழயும், ஃபேன் காத்துல பின்னாடியும் ஓடும். ராக்கர் கவர்ல ஆரம்பிச்ச லீக், கிளட்ச் பக்கம் சொட்டி "ரியர் சீல்"னு பேர் வாங்கிடும்.

ராக்கர் கவரும் சைடு கவரும் மெல்லிசான தகடு. லீக் ஆகுதுன்னு போல்ட்டை இறுக்க இறுக்க, போல்ட் இருக்கிற இடம் குழிஞ்சு நடுவுல தூக்கிக்கும். லீக் கூடும். கழட்டி ஒரு சமமான இரும்புத் தகடு மேல வச்சு, தூக்கின ஓரத்தைத் தட்டி நேராக்கிட்டு, புது கார்க் வச்சு அளவா இறுக்குங்க. சிலிகான் பேஸ்ட்டை வாரிப் பூசாதீங்க. உள்பக்கம் பிதுங்கினது உடைஞ்சு விழுந்தா ஆயில் பம்போட சல்லடைல போய் உக்காரும். வெளிய ரெண்டு சொட்டை நிறுத்தப் போய் உள்ள எண்ணெய் ஓட்டத்தையே நிறுத்தின மாதிரி ஆயிடும்.

எண்ணெய் விஷயத்துல, இந்த என்ஜினுக்கு 20டபிள்யூ-50 மாதிரி கனமான மல்டிகிரேடு பொருத்தம். புது கார்களுக்கு வர்ற மெல்லிசான சிந்தெட்டிக் இதுக்கு வேண்டாம். அது எல்லா இடைவெளியையும் கண்டுபிடிச்சுடும். மலைக்குப் போறோமேன்னு மேல் கோட்டைத் தாண்டி ஊத்தாதீங்க. கிராங்க் அதைக் கடைஞ்சு நுரையாக்கி, மூச்சுக் குழாய் வழியாவே வெளிய தள்ளும்.

மலைக்குக் கிளம்பும்போது

சமதளத்துல நிறுத்தி, என்ஜின் ஆறினதும் டிப் ஸ்டிக் பாருங்க. மலைச் சரிவுல நிறுத்திப் பார்த்தா அளவு பொய் சொல்லும். ஒரு லிட்டர் எண்ணெய் கைவசம் இருக்கட்டும். ஏறும்போது மேல் கியர்ல திணறவிடாதீங்க. செகண்டுக்கு வந்து சீரா ஏறுங்க. இறங்கும்போது நியூட்ரல்லயோ, சாவியை அணைச்சுட்டோ உருட்டாதீங்க. எந்த கியர்ல ஏறினோமோ அதுலயே இறங்கணும். நீலப் புகை வருதுன்னு பயந்து பிரேக்கை மட்டும் நம்பினா பிரேக் சூடாகிக் கைவிடும்.

மேல போய் சேர்ந்ததும் அடியில ஒரு அட்டையை விரிங்க. எத்தனை சொட்டு, எந்த இடம்னு போட்டோ எடுத்து வையுங்க. ஒரு சொட்டு ஒண்ணும் பண்ணாது. ஆனா மூணு விஷயம் வந்தா பயணத்தை அங்கேயே நிறுத்தணும். ஆயில் பிரஷர் விளக்கு எரியுறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல எண்ணெய் சொட்டிப் புகையுறது. ஏத்தத்துல என்ஜின் சத்தம் ஏறியும் வண்டி ஏறாம கிளட்ச் வழுக்குறது. சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரம் தெரிஞ்சா அது என்ஜின் ஆயிலா பிரேக் ஆயிலான்னு உறுதிப்படுத்தாம ஒரு அடி கூட நகராதீங்க. இன்னொண்ணு, வளைவுல நாம சிந்துற எண்ணெய்ல வழுக்கி விழப் போறது பின்னாடி பைக்ல வர்ற ஒருத்தர்.

அப்போ அந்த வண்டியை விக்கலாமா?

நேயருக்கு என் பதில்: இன்னும் முடிவெடுக்காதீங்க. உங்க வண்டி சிட்டில ரெண்டு சொட்டு, மலையில வெள்ளம். அந்த வித்தியாசமே, பிரச்சனை பெரும்பாலும் அழுத்தத்துல இருக்குன்னு சொல்லுது. முதல்ல பாலித்தீன், தண்ணி டியூப். அப்புறம் குழாய் சுத்தம். அப்புறம் கம்ப்ரஷன். அப்புறம் பவுடர். இந்த வரிசைல போனா செலவு சில நூறு ரூபாய்ல ஆரம்பிக்குது. எல்லாம் முடிச்சும் நம்பர் மோசமா இருந்தா, என்ஜினை இறக்கி ரிங், பேரிங் பார்க்கிறது நியாயமான செலவு. அப்போ ஒர்க்‌ஷாப் சொன்னதும் சரியாத்தான் இருக்கும். அப்பாகிட்டயும், "யாரோ சொன்னாங்க"ன்னு இல்லாம, அளந்த நம்பரை வச்சுப் பேசலாம்.

அந்த மெக்கானிக் அண்ணன்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. "அண்ணே, ப்ரீதரை ஒரு தடவை கழட்டிப் பார்த்துடலாமா?"ன்னு மட்டும் கேளுங்க. இந்த என்ஜின்ல கை வச்சுப் பழகினவங்க வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. நம்ம கைல இருக்கிறது ஒரு தண்ணி டியூப், அவங்க கைல இருக்கிறது முப்பது வருஷ அனுபவம். ரெண்டும் வேணும்.

உங்க வீட்டுலயும் பழைய அம்பாசிடரோ, பத்மினியோ, ஹெரால்டோ இருந்தா, இந்த வாரம் ஆயில் மூடியைத் திறந்து அடியில என்ன ஒட்டியிருக்குன்னு பாருங்க. போட்டோ எடுத்து வாய்ஸ் நோட்டோட அனுப்புங்க. கேள்விகள் சேர்ந்ததும் தனியா ஒரு எபிசோடே பண்ணிடலாம். அடுத்த வாரம் கார்பரேட்டர். வரட்டுமா மக்களே.